பூட்டுக்குள் இலை

முதலில் சாவி நுழையாமல் நின்றது பல் டாக்டர் வீட்டுக் கதவில். சாயங்காலம் கிளினிக்கிலிருந்து களைத்து வந்தவர் சாவியை விட்டுத் திருகிப் பார்த்தார், எடுத்து ஊதிப் பார்த்தார், கடைசியில் கதவை முழங்காலால் ஒரு இடி இடித்துவிட்டுப் படியிறங்கி, வாசல் கேட்டை ஒட்டியிருந்த பூட்டுக் கடைக்கு வந்தார்.

"பூட்டு அக்கா, கொஞ்சம் மேல வாங்களேன். உள்ள ஏதோ அடைச்சுக்கிட்டு இருக்கு."

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. கணவன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில். கடையை அவளும், அவள் வீட்டிலேயே தங்கியிருந்த கணவனுடைய தம்பியும் பார்த்துக்கொண்டார்கள். பூட்டைப் பிரிப்பது அவள், மெஷினில் சாவி வெட்டுவது அவன். அதனால் அவனுக்கு 'சாவி' என்றே பெயர் நின்றுவிட்டது. அவன் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து, "என்ன, பூட்டு இருக்கு, சாவியைக் காணோம்?" என்று கேட்பது அங்கே யாருக்கும் அலுக்காத ஜோக்.

டாக்டர் வீட்டுக் கதவில் இருந்தது கட்டடம் கட்டிய காலத்துப் பூட்டு. கதவுப் பலகைக்குள்ளேயே புதைந்திருக்கும், சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்குத் துவாரம். எல்லா வீட்டிலும் அதே பூட்டுதான். பூட்டு அக்கா மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே பச்சையாக ஏதோ தெரிந்தது. கொக்கிக் கம்பியை விட்டு மெல்ல இழுத்தாள். இலைத்துண்டுகள். கத்திரியால் நறுக்கியது போல ஓரம் சுத்தமாக, வட்ட வட்டமாக. ஒன்றன்மேல் ஒன்று சுற்றிச் சின்ன சுருட்டு மாதிரி இறுக்கியிருந்தது. நடுவில் மஞ்சளாக ஒரு பசை.

"பசங்க வேலையா இருக்குமோ?" என்றார் டாக்டர்.

"இருக்கும்" என்றாள். ஆனால் மனசுக்குள் ஒப்பவில்லை. பசங்கள் என்றால் குச்சியைச் சொருகுவார்கள், பபிள்கம்மை ஒட்டுவார்கள். இவ்வளவு பொறுமையாக இலையை நறுக்கிச் சுற்றி உள்ளே தள்ள எந்தப் பையனுக்கு நேரம் இருக்கிறது?

அடுத்து இரண்டாம் மாடி நர்ஸ் வீடு. அதற்கடுத்து வங்கியில் வேலை பார்க்கும் கணவன் மனைவி வீடு. எல்லாம் ஒரே மாதிரி இலை, ஒரே மாதிரி மஞ்சள் பசை. எல்லாம் கிழக்குப் பக்கத்து நடையில் உள்ள வீடுகள். எல்லாமே காலையில் பூட்டிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் ஆள் திரும்புகிற வீடுகள்.

இந்தக் கடைசி விஷயம்தான் சுங்கம் சாருக்கு மூக்கில் வியர்க்க வைத்தது.

சுங்கம் சார் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். வேலைக்காலம் முழுக்க விமான நிலையத்தில் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு திறக்கப் பெட்டி இல்லாமல் சங்கத்துக்கு வந்தார். மொட்டை மாடி வழியாக யாராவது வந்துவிடலாம் என்று அந்தக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருப்பார். குப்பை எடுக்க வருகிறவர்கூட, போகும்போது பையை அவரிடம் விரித்துக் காட்டிவிட்டுத்தான் போவார்.

அவர் கடைக்கு முன்னால் வந்து நின்று, தொங்கிக்கொண்டிருந்த பூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, வியாபாரம் ஜோரா போகுது போல?"

"ஏதோ போகுது சார்."

"பூட்டு தானா அடைச்சுக்காது. அடைக்கிறவனுக்கு ஒரு காரணம் வேணும். வீட்ல ஆள் எப்போ இருக்காங்க, எப்போ இல்லைன்னு தெரிஞ்சிருக்கணும். நான் உங்களைச் சொல்லலை. பொதுவா சொல்றேன்."

'பொதுவா' என்றபோது அவர் கண் சாவி வெட்டும் மெஷின் பக்கம் போனது. அங்கே ஸ்டூல் காலியாக இருந்தது.

"சார், இனிமே இந்த அடைப்பு எடுக்க நான் கூலியே வாங்கல. போதுமா?"

"ஓ" என்றார் சுங்கம் சார், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து. "அப்போ ஒத்துக்கறீங்க?"

இந்த மனுஷரிடம் சிரித்தாலும் வழக்கு, அழுதாலும் வழக்கு என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அவர் போன பிறகு, அவர் பார்த்த ஸ்டூலையே அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் அந்த ஸ்டூல் கொஞ்ச நாளாகவே மத்தியானங்களில் காலியாகத்தான் கிடந்தது. முன்பெல்லாம் சாவி அதில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து ஒரு தூக்கம் போடுவான். இப்போது சாப்பிட்ட கையோடு, "ஒரு வேலை இருக்கு அண்ணி, வந்துடறேன்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். என்ன வேலை என்று கேட்டால், "ஒரு ஃப்ரெண்டைப் பாக்கணும்" என்பான். மறுநாளும் அதே ஃப்ரெண்ட். காதல் கீதல் ஏதாவது இருக்கும், நேரம் வந்தால் தானே சொல்வான் என்று விட்டிருந்தாள்.

சுங்கம் சார் வந்துபோன அன்று சாவி திரும்பி வந்தபோது, சட்டைக் கைமடிப்பில் மஞ்சளாகத் தூள் படிந்திருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. பூட்டிலிருந்து எடுத்த பசையும் காய்ந்தால் இதே மஞ்சள்தான்.

"சட்டையெல்லாம் என்ன தூசி" என்று சொல்லிக்கொண்டே, சுங்கம் சாருடைய ஜன்னல் திறந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் கையைப் பிடித்துத் தட்டிவிட்டாள். பசும் இலையைக் கசக்கினால் வருகிற வாசனை அவன்மேல் அடித்தது.

மறுநாள் அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஸ்கூட்டரின் பெட்டியைத் திறந்தாள். கொழுந்தனுடைய வண்டியைச் சோதனை போடுகிறோமே என்று கை கூசியது. ஆனாலும் திறந்தாள். உள்ளே வளைந்த அலகுள்ள ஒரு கத்திரி. செடி நறுக்கும் கத்திரி. அலகில் பச்சைக் கறை.

சாவி வெட்டும் வேலை படுத்துவிட்டது உண்மைதான். 'கடை இப்படியே போனா நான் எதுக்கு அண்ணி இங்க?' என்று ஒருநாள் அவன் சொன்னதும் உண்மை. வேலை வரட்டும் என்று விளையாட்டாக ஆரம்பித்திருப்பானோ? மாட்டினால் அவன் ஒருவன் மானமா போகும்? எல்லா வீட்டுச் சாவியும் வந்துபோகிற கடை இது. நம்பிக்கை போனால் கடை ஏது? கப்பலிலிருந்து கணவன் கேட்டால் என்ன பதில் சொல்வாள்?

கத்திரியை எடுத்துக் கடை மேசையின் அடியில், பழைய பூட்டுகளுக்குக் கீழே தள்ளினாள்.

சாயங்காலம் அவன் கேட்டான். "அண்ணி, வண்டியில ஒரு கத்திரி வெச்சிருந்தேன். பாத்தீங்களா?"

"இல்லையே. எதுக்குக் கத்திரி?"

"ஒண்ணுமில்லை. ஃப்ரெண்டோடது."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கடையைச் சாத்தினார்கள்.

அந்த வாரமே மூன்றாம் மாடியில் பூச்சி டீச்சரின் கதவும் அடைத்துக்கொண்டது. அவர் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். வீட்டுக்குள் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகளில் ஊசி குத்திய பூச்சிகள். அதனாலேயே அந்தப் பெயர். சாவி நுழையவில்லை என்றதும் மற்றவர்கள் போல அவர் கோபப்படவில்லை. பூட்டு அக்கா இலையை இழுக்க இழுக்க, பக்கத்தில் அவரும் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பிச்சிடாதீங்க, முழுசா எடுங்க. ஐயோ, என்ன அழகா சுத்தியிருக்கு பாருங்க!"

இலைச்சுருளோடு செத்துப்போன ஒரு பூச்சியும் வந்து விழுந்தது. டீச்சர் சாவியைக் குத்தியபோது உள்ளே இருந்திருக்கிறது, பாவம். சாதாரணத் தேனீயைவிடக் கொஞ்சம் தடிமன், முகத்தில் வெள்ளை மயிர், வயிற்றின் அடியில் செம்பட்டையாக ஒரு பிரஷ். அந்தப் பிரஷ் முழுக்க மஞ்சள் தூள்.

"இலைவெட்டித் தேனீ" என்றார் டீச்சர். "கூட்டமா வாழாது. தேன்கூடு, ராணி, வேலைக்காரி ஒண்ணும் கிடையாது. ஒவ்வொரு பொம்பளைத் தேனீயும் தனிக் குடித்தனம். இலையை வட்டமா வெட்டி எடுத்துட்டு வந்து, இருக்கிற ஓட்டையில சுத்தி, உள்ள பூந்தூளை உருட்டி வெச்சு, மேல ஒரு முட்டை வெச்சு மூடிட்டுப் போயிடும். அவ்வளவுதான்."

பூட்டு அக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. "டீச்சர், இதை நீங்க சுங்கம் சார்கிட்ட சொல்லணும். இப்பவே சொல்லணும்."

"சொல்றேன். ஆனா முதல்ல கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பாத்துக்கறேன்."

பார்த்துவிட்டு வந்து டீச்சர் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. கேட்டுக்குப் பக்கத்தில் சுங்கம் சார், பல் டாக்டர், நர்ஸ் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். பூட்டு அக்கா கடைக்குள்ளிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தேனீதான் சந்தேகமே இல்லை" என்றார் டீச்சர். "ஆனா ஒரு விஷயம்தான் உதைக்குது. இந்த வகை இங்க கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம், மழை குறைச்சலா இருக்கிற சமவெளியிலதான் இருக்கு. இந்தப் பக்கம் யாரும் பார்த்ததா இல்லை. இன்னொண்ணு, இது கண்ட பூவுக்கும் போகாது. மொச்சை, அவரை மாதிரி பூக்குற குடும்பத்துலதான் தூள் எடுக்கும். அதுலயும் கிலுகிலுப்பைச் செடின்னா உயிர். மைக்ராஸ்கோப்ல பார்த்தேன், வயித்துல இருந்தது மொத்தமும் கிலுகிலுப்பைத் தூள். இங்க சுத்துவட்டாரத்துல அந்தச் செடி ஒண்ணைக்கூட நான் பார்த்ததில்லை."

சுங்கம் சார் கண்களை மூடித் திறந்தார். "அதாவது, இந்த ஊர்ல இல்லாத பூச்சி. இந்த ஊர்ல இல்லாத பூ."

"ஆமா."

"ரெண்டும் நம்ம பூட்டுக்குள்ள இருக்கு."

"ஆமா, அதான் எனக்கும்…"

"யாரோ கொண்டு வந்து வெச்சிருக்காங்க" என்றார் சுங்கம் சார். "வெளியூர்ச் சரக்கு. நான் பார்க்காத கடத்தலா? ஞாயித்துக்கிழமை கூட்டம் போடறேன். எல்லாரும் வரணும். கடைக்காரங்களும் வரணும்."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரும் காது கொடுக்கவில்லை. நர்ஸ், அதுவரை பூட்டு அக்காவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிறவள், அன்றைக்குக் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உண்மையைத் தெரிந்துகொண்டாக வேண்டும் என்று பூட்டு அக்கா முடிவு செய்தாள். அடுத்த நாள் மத்தியானம் சாவி ஸ்கூட்டரைக் கிளப்பியதும், கடைக் கதவை இழுத்துவிட்டுத் தெருமுனைக்கு ஓடி ஒரு ஆட்டோவில் ஏறினாள்.

"அந்த ஸ்கூட்டர் பின்னாடியே போங்க."

ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "வீட்டுக்காரரா?"

"கொழுந்தன்."

"ஐயையோ" என்றார் அவர், ரொம்ப அனுதாபமாக, என்ன நினைத்துக்கொண்டாரோ.

ஸ்கூட்டர் பெரிய ரோட்டில் போய், பாலம் ஏறி இறங்கி, குடோன்களைச் சுற்றிக்கொண்டு, புதிதாகப் போடுகிற புறவழிச்சாலைப் பக்கம் திரும்பியது. அங்கே மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடு ஒன்று நீளமாகப் போயிற்று. அவள் தூரத்திலேயே இறங்கிக்கொண்டாள். ஒரு ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தபோது மேட்டின் சரிவைக் கண்டாள். சரிவு முழுக்க மஞ்சள். இடுப்பளவு செடிகள், கொத்துக் கொத்தாகப் பூ. நாலைந்து பெண்கள் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே சாவி.

"சார், இந்த வரிசையில மண்ணு சரியுது" என்று ஒரு பெண் கூப்பிட்டாள்.

யாரைக் கூப்பிடுகிறாள் என்று ஒரு கணம் புரியவில்லை. சாவிதான் திரும்பினான். அவனை யாரும் சார் என்று கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. அவன் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்து, கழி ஒன்றை ஊன்றச் சொன்னான். பிறகு நிமிர்ந்தபோது அவளைப் பார்த்துவிட்டான். முகம் வெளிறிப்போய் ஓடி வந்தான்.

"அண்ணி! என்ன ஆச்சு? அண்ணனுக்கு ஏதாவதா? ஃபோன் வந்துச்சா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லை. நீ இங்க என்ன பண்றே?"

சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வேலை அண்ணி. சரிவுல செடி போட்டு மண்ணை நிறுத்துற கான்ட்ராக்ட். அரை நாளுக்குச் சேர்ந்தேன். இப்போ இந்தப் பகுதியை என்கிட்டயே விட்டுட்டாங்க. முழு நேரமா வரச் சொல்றாங்க. சொல்லலாம்னுதான் இருந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வரும், போயிடும். அண்ணன் ஊர்ல இல்லை, கடையில உங்களைத் தனியா விட்டுட்டுப் போறேன்னு எப்படிச் சொல்றது?"

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். அது போதுமான பதில்தான். ஆனால் இத்தனை நாள் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

"அப்போ அந்தப் பூட்டெல்லாம்?"

"எந்தப் பூட்டு?"

"இலையை வெச்சு அடைச்சது. அது நீ இல்லையே?"

அவள் விளையாடுகிறாள் என்று நினைத்து முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அந்தச் சிரிப்பு ஒரேயடியாகப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"கத்திரியை எடுத்தது நீங்கதானா?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே அண்ணி."

"இப்போ கேக்கறேனே."

"இப்போ ஆட்டோ புடிச்சுப் பின்னாடியே வந்து கேக்கறீங்க." குரலை அவன் உயர்த்தவில்லை. "நான் இல்லை. போதுமா?"

அவன் திரும்பிச் சரிவில் இறங்கிப் போனான். ஒரு பெண்ணின் கையிலிருந்த குழாயை வாங்கிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி தண்ணீர் விட ஆரம்பித்தான்.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் பக்கத்திலிருந்த செடியைப் பார்த்தாள். காய்ந்த காய்கள் காற்றில் கிலுகிலுவென்று ஒலித்தன. ஒரு பூவின் மேல் பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. அதன் கனத்தில் பூவின் கீழ்இதழ் வாய்போலத் திறக்க, பூச்சி வயிற்றைத் தூக்கி ஆட்டித் தூளை அள்ளியது. வெள்ளை முகம், அடியில் செம்பட்டைப் பிரஷ். பக்கத்துச் செடியில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னும் நிறைய. சாலையோரம் நட்டிருந்த மரக்கன்றின் இலைகளில் ஓரம் ஓரமாக வட்டம் எடுத்திருந்தது, டிக்கெட்டில் ஓட்டை போட்டது மாதிரி.

மேட்டின் மேலேறிச் சுற்றிலும் பார்த்தாள். குடோனின் தகரக் கூரைக்கு அப்பால், வரிசையாக நாலு கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். ஒன்றில் வெள்ளைப் பெயின்டில் பெரிதாக 'கிழக்கு' என்று எழுதியிருந்தது. அவர்கள் குடியிருப்பின் மொட்டை மாடிதான். ரோட்டில் பாலம் சுற்றி வந்ததால் எங்கோ தூர தேசம் போலத் தோன்றிய இடம், நேராகப் பறந்தால் கூப்பிடு தூரம். இடையில் அந்தக் குடோன் மட்டும் மறைத்திருந்தது.

அவள் டீச்சருக்கு ஃபோன் போட்டாள்.

டீச்சர் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார் போலிருக்கிறது. விரலில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. வந்தவர் யாரிடமும் பேசாமல் பூக்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டார். பிறகு மண்ணைப் பிடித்து நிறுத்த ஊன்றியிருந்த நாணல் கழிகளின் பக்கம் போனார். உள்ளே கூடாக இருக்கும் கழிகள். பல கழிகளின் வெட்டுவாயில் காய்ந்த இலை அடைத்திருந்தது. சிலவற்றில் அடைப்பு உடைந்து ஓட்டை விழுந்திருந்தது.

"இந்தக் கழி எங்கிருந்து வந்துச்சு தம்பி?"

சாவி பூட்டு அக்காவைப் பார்க்காமல் டீச்சருக்குப் பதில் சொன்னான். "விதையும் கழியும் ஒரே லாரியில வந்துச்சு மேடம். மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து. அப்பல்லாம் நான் இங்க சேரவே இல்லை. இப்ப வர்றது எல்லாம் மூங்கில் பிளாச்சுதான், உள்ள ஓட்டை இருக்காது."

டீச்சர் கழியை மார்போடு அணைத்துக்கொண்டார். "கூட்டுக்குள்ள தூங்கிக்கிட்டே லாரியில வந்திருக்கு குட்டிங்க. முழிச்சு வெளிய வந்து பார்த்தா, பிறந்த ஊர்ல தின்ன பூவே கண்ணெதிர்ல நிக்குது. அப்புறம் எதுக்குப் போகும்? கழியில இடம் தீர்ந்துபோச்சு. பக்கத்துல அதே அளவு ஓட்டை எங்க இருக்குன்னு தேடியிருக்கு. நம்ம நடையில வரிசையா சாவித்துவாரம்." பிறகு பூட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "தப்பு என்மேலதான். இங்க யாரும் பார்த்ததில்லைன்னு மட்டும் சொல்லியிருக்கணும். இங்க கிடையாதுன்னு சொல்லிட்டேன். ரெண்டும் ஒண்ணு இல்லை."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை டீச்சர் கிழக்கு நடையிலேயே வைக்கச் சொன்னார். வெயில் நன்றாக ஏறிய நேரம். எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சாவி வரவில்லை. பூட்டு அக்கா காலையில் கூப்பிட்டுப் பார்த்தாள். "நான் வந்து நின்னா, நான் நல்லவன்னு நிரூபிக்க வந்த மாதிரி இருக்கும் அண்ணி" என்று சொல்லிவிட்டான்.

டீச்சர் கழியைக் காட்டினார், பூக்கொத்தைக் காட்டினார், எல்லாவற்றையும் விளக்கினார். சுங்கம் சார் குறுக்கு விசாரணை செய்தார்.

"அந்தப் பையன் வேலை பார்க்கிற இடத்துலேருந்துதான் பூச்சி வருது. சரியா?"

"அவர் சேர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சு சார்."

"அது அவர் சொல்றது."

அப்போது பல் டாக்டர், "ஷ்" என்றார். அவர் வீட்டுக் கதவின் முன்னால் ஒரு பூச்சி அந்தரத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. கால்களுக்கு இடையில் ஒரு பச்சை இலைத்துண்டை மடித்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்கு வந்த ஆள் மாதிரி இருந்தது. துவாரத்தின் விளிம்பில் இறங்கியது, இலையை இழுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. நடையில் யாரும் அசையவில்லை. உள்ளேயிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு வெளியே வந்து, சுங்கம் சாருடைய காதை ஒட்டிப் பறந்து, குடோன் பக்கம் போய்விட்டது.

நர்ஸ்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும்.

சுங்கம் சார் சிரிக்கவில்லை. துவாரத்துக்கு முன்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். "யாராவது பழக்கி விட்டிருக்க வாய்ப்பு இல்லையா டீச்சர்?" என்று கேட்டார். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. கடைசியில் அவரும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பூட்டு அக்காவின் பக்கம் பார்த்து, "நான் பொதுவாத்தான் சொன்னேன்மா" என்றார்.

பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. பூட்டு அக்கா எல்லாக் கதவிலும் துவாரத்தை மூடும் சின்னத் தகடு ஒன்றைத் திருகி வைத்தாள். டீச்சர் கெஞ்சியதால் பல் டாக்டர் தம் பூட்டை அப்படியே விட்டுவிட்டு, குஞ்சுகள் வெளியே வரும்வரை கொக்கியில் தொங்கும் பூட்டைப் போட்டுக்கொண்டார். மொட்டை மாடிக் கதவு திறக்கப்பட்டு அங்கே ஒரு நாணல் கட்டு தொங்கியது. அதன் பக்கத்தில் சுங்கம் சார் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். எது வருகிறது, எது போகிறது என்று பார்க்க. வங்கிக்காரர்கள், "கடையில எப்பவும் போல சாவி கொடுத்துட்டுப் போறோம் அக்கா" என்று தேவையில்லாமல் இரண்டு தடவை சொன்னார்கள்.

சாவி மட்டும் எப்போதும் போல இல்லை. சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கவில்லை. ஒரு சாயங்காலம் பொறுமையாக உட்கார்ந்து அவளுக்குச் சாவி வெட்டும் மெஷினைப் பழக்கிக் கொடுத்தான். "இந்த இடத்துல அழுத்தக் கூடாது அண்ணி. ஆங், அப்படித்தான்." வேலை அதிகாலையில் ஆரம்பிப்பதால் அந்தப் பக்கமே ஒரு அறை பார்த்திருப்பதாகச் சொன்னான். துணிமணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு போனான். போகும்போது, "ஏதாவது வேணும்னா ஃபோன் பண்ணுங்க" என்றான். முன்பென்றால் கிளம்பும்போது ஏதாவது வம்பு இழுத்து அவளைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போவான். கடைக்கு வரும் வங்கிக்காரருக்குச் சொல்வது போலத்தான் இப்போது இதைச் சொன்னான்.

அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள்தான். "தப்பா நெனச்சுட்டேன்" என்றாள். "பரவாயில்லை அண்ணி" என்றான் உடனே. அவ்வளவு உடனே சொன்னதுதான் அவளை உறுத்தியது.

கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வந்தபோது கணவன் பேசினான். அதையும் இதையும் பேசிவிட்டு, "தம்பி தனியா ரூம் எடுத்துட்டானாமே? உங்களுக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டான்.

"அவன் என்ன சொன்னான்?"

"வேலை கிட்ட இருக்குன்னான். அண்ணியைத்தான் தனியா விட்டுட்டேன், அடிக்கடி பேசுங்கன்னான். வேற ஒண்ணும் சொல்லலையே."

சொல்லாமல் விட்டது பெருந்தன்மையா, இல்லை இனி இவளிடம் கோபப்படக்கூட ஒன்றுமில்லை என்று தள்ளி வைத்துவிட்டதா? அதிலும் சந்தேகம்தான் வந்தது. தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மென்று முழுங்காமல், கத்திரியை ஒளித்தது, ஆட்டோவில் போனது, எல்லாவற்றையும்.

"நான் இருந்திருந்தா முதல்ல அவனைத்தான் கேட்டிருப்பேன்" என்றான் கணவன். "ஆனா இங்க உக்காந்துக்கிட்டு சொல்றது சுலபம்."

மறுநாள் காலை அவள் கடையைத் திறக்கவில்லை. பஸ் பிடித்துப் புறவழிச்சாலைக்குப் போனாள். இந்தத் தடவை ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் நிற்காமல் நேரே சரிவில் இறங்கினாள். முந்தின இரவு மழை பெய்து மண் நெகிழ்ந்திருந்தது. பாதிச் சரிவில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

சாவி கீழேயிருந்து பார்த்தான். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கையிலிருந்த கழியைக் கீழே வைத்துவிட்டு, செடிகளை ஒதுக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தான்.

"அந்தப் பக்கம் வழுக்கும்" என்று கையை நீட்டினான். "இப்படி வாங்க அண்ணி."